திருப்பி விடப்பட்ட நாயை வீட்டுக்குக் கூட்டிவரலாமா?

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வங்கியிலும் கணவர் தனியார் நிறுவனத்திலும் வேலை பார்க்கிறோம். ஒன்பது வயதில் ஒரு பையன். மாமியார் எங்களோடு இருக்கிறார். நாய் வளர்க்க வேண்டும் என்று பையன் ஒரு வருடமாக அடம் பிடிக்கிறான். காசு கொடுத்து வாங்குவதைவிடத் தத்தெடுப்பது நல்லது என்று நினைத்து, ஒரு விலங்கு மீட்பு அமைப்பு நடத்திய தத்து முகாமுக்குப் போனோம். இரண்டு மாதக் குட்டி ஒன்று பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அங்கிருந்தவர்கள் போலீஸ் விசாரணை மாதிரி கேள்வி கேட்டார்கள். வீட்டு ஓனரிடம் கடிதம் வாங்கி வாருங்கள், வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள். கடைசியில், "உங்கள் வீட்டுக்குக் குட்டி சரிப்படாது, நான்கு வயதுப் பெண் நாய் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள்" என்று சொன்னார்கள். விசாரித்தால், அதை ஏற்கெனவே ஒரு குடும்பம் கூட்டிப்போய் ஐந்து மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பணம் கட்டினால் லேப்ரடார் குட்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இவர்களிடம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?" என்கிறார். போன மாதம் எங்கள் தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்க்காக இதே அமைப்பைத்தான் கூப்பிட்டோம், மறுநாள்தான் வந்தார்கள். இவர்களை நம்பலாமா? திருப்பி விட்ட நாயிடம் ஏதாவது குறை இருக்குமா? மாமியாருக்கு நாய் என்றாலே பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சென்னையில் ஒரு விலங்குக் காப்பகத்தில் மருத்துவராக வேலை பார்க்கிறேன். அதனால் என் பேச்சில் காப்பகத்துப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த நான்கு வயது நாயைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். குட்டி வேண்டாம் என்று அவர்கள் சொன்னது சரியான ஆலோசனை. அதைச் சொன்ன விதம் உங்கள் மனதை நோகடித்திருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. முகாம் நாளில் வெயிலில் நின்றுகொண்டு நூறு பேருக்குப் பதில் சொல்கிறவர்கள் சில சமயம் குரலைக் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் குட்டியைப் பற்றிப் பேசிவிடலாம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு வேண்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள், நடுவில் மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி. இவை முடியும்வரை அதைத் தெருவில் நடக்க விடவே கூடாது. குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைத்து உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்கும் சாகாது. அப்படியானால் அதன் மலம், மூத்திரம், விளையாட்டு எல்லாமே வீட்டுக்குள்தான். நீங்களும் கணவரும் காலையில் கிளம்பினால் திரும்ப எத்தனை மணி ஆகும் என்று எழுதவில்லை. வங்கி வேலை என்றால் ஒன்பது மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஒன்பது மணி நேரமும் குட்டியைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? நாயைக் கண்டால் பயப்படும் உங்கள் மாமியார்தான்.

இதற்கு மேல் பல் முளைக்கும் பருவம் ஒன்று இருக்கிறது. நான்கு மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதம் வரை குட்டி எதையும் கடிக்கும். செருப்பு, ஒயர், சோபா, புடவைத் தலைப்பு, கணுக்கால் என்று எதையும் விடாது. அதில் கோபமோ கெட்ட எண்ணமோ கிடையாது, ஈறு அரிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பயந்த மனிதரின் காலைக் குட்டி கடித்து விளையாடும்போது அவர் கத்துவார், காலை உதறுவார். குட்டிக்கு அது விளையாட்டாகத் தெரியும், இன்னும் துரத்தும். ஒரு வாரத்தில் வீட்டில் சண்டை வந்துவிடும். குட்டியைப் பால்கனியில் கட்டுவீர்கள். அது கத்தும். எதிர்வீட்டுக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுப்பார். எட்டு ஒன்பது மாதத்தில் உடம்பு வளர்ந்து, சொல்பேச்சு கேட்காத வயசுப் பிள்ளையாக நிற்கும்போது, "இது எங்களால் முடியாது" என்று காப்பகத்துக்கு போன் வரும். காப்பகங்களில் இருக்கும் வளர்ந்த நாய்களில் பல இப்படி வந்தவைதான். உங்கள் வீட்டில் இது நடக்கும் என்று நான் சாபம் போடவில்லை. அந்த முகாமில் இருந்தவர்கள் உங்கள் பதில்களைக் கேட்டதும் அவர்கள் கண்முன் ஓடியது இந்தக் காட்சியாகத்தான் இருக்கும்.

நான்கு வயது நாய்க்கு இவை எல்லாம் கடந்துபோன விஷயம். எவ்வளவு வளரும் என்ற கேள்வி கிடையாது, முழு வளர்ச்சியும் கண்முன் இருக்கிறது. குணம் நிலைத்துவிட்டது. காப்பகத்தில் இருப்பதால் பெரும்பாலும் கருத்தடை ஆகியிருக்கும், தடுப்பூசிகளும் போட்டிருப்பார்கள். கருத்தடை செய்த பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. நடுவயதுப் பெண் நாய்களை அவசர அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுவரும் நோய் அது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை கிடைத்தால் நடுப்பகலைத் தூங்கியே கழித்துவிடும். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட வாழும். பையனுக்குத் தோழனாக இருக்கப் போதுமான காலம் அதற்கு மீதி இருக்கிறது.

சரி, அதை ஏன் திருப்பி விட்டார்கள்? நாய் திரும்பி வருவதற்கான காரணங்களில் பெரும்பகுதி நாயைச் சேர்ந்ததாக இருப்பதில்லை. வேலை பெங்களூருக்கு மாறியது, வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார், மருமகள் உண்டாகியிருக்கிறாள், கல்யாணமாகிப் போன பெண்ணின் நாயை அப்பா அம்மாவால் பார்க்க முடியவில்லை, முடி கொட்டுகிறது. இவற்றைத்தான் காப்பகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எஞ்சிய சிலவற்றில் உண்மையிலேயே நாயின் நடத்தை காரணமாக இருக்கும். அதை மறைக்கக் கூடாது, நீங்களும் கேட்காமல் விடக் கூடாது.

எனவே போய் நேராகக் கேளுங்கள். திருப்பி விட்ட வீட்டார் என்ன காரணம் எழுதிக் கொடுத்தார்கள், அந்த வீட்டில் குழந்தை இருந்ததா, தனியாக விட்டால் என்ன செய்தது, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா, யாரையாவது கடித்திருக்கிறதா, கடித்தது என்றால் எந்தச் சூழ்நிலையில்? தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி எச்சில் ஒழுகக் கத்தும் நாய் என்றால், நாள் முழுக்க ஆள் இருக்கும் வீடுதான் அதற்குச் சரி. உங்கள் மாமியார் வீட்டிலேயே இருக்கிறார் என்பது அப்போது பெரிய சாதகம். சாப்பாட்டுத் தட்டுக்கு உறுமும் நாயைப் பழக்கப்படுத்த முடியும், ஆனால் ஒன்பது வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம். குழந்தையைக் கடித்த வரலாறு இருந்தால், எவ்வளவு பாவமாகத் தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒழுங்கான அமைப்பு இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, நல்ல நாய்தான்" என்று ஒரே வரியில் முடித்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

அவர்கள் உங்களைக் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு நாய் பட்ட பாடு இருக்கிறது. ஓனர் கடிதம் கேட்பதற்குக் காரணம், வாடகை வீடுகளில் நாய் நிலைக்காமல் போவதற்கு முதல் காரணமே ஓனர்தான். செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட முடியாது, லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட நிபந்தனை வேறு விஷயம். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து இன்றைக்கே ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டைப் பார்க்க வருவது, உங்கள் பீரோவையோ வசதியையோ எடைபோட அல்ல. மூன்றாவது மாடிப் பால்கனிக்கு கிரில் இருக்கிறதா, வாசல் கதவுக்கு வெளியே நேராகப் படிக்கட்டு இறங்குகிறதா, வீட்டில் இருக்கும் எல்லாரும் மனதார ஒத்துக்கொள்கிறார்களா, இவற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கடைசியில் சொன்னதற்குத்தான் அதிக முக்கியத்துவம். ஒருவர் பிடிக்காமல் முனகிக்கொண்டே இருக்கும் வீட்டில் நாய் நிலைப்பது கஷ்டம்.

இதில் சட்டம் உதவாதா என்று கேட்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்த்த விலங்கைத் தெருவில் கைவிடுவது குற்றம்தான். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கும் மேலாக அந்தத் தொகை அப்படியே இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? கைவிட்ட பிறகு கடுமையாகத் தண்டிக்க வழியில்லாததால், கொடுப்பதற்கு முன்பே அமைப்புகள் இவ்வளவு துருவுகின்றன. அவர்கள் தரும் ஒப்பந்தத்தில் "வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத அமைப்பிடம் நான் தத்தெடுக்க மாட்டேன். அந்த நான்கு வயது நாயை முன்பு கூட்டிப்போன குடும்பம் அதைக் கோயம்பேடு பக்கம் இறக்கிவிடாமல் திரும்பக் கொண்டுவந்ததே, அதற்கு அந்த வரிதான் காரணமாக இருந்திருக்கும். அவர்களைப் பற்றியும் தப்பாக நினைக்காதீர்கள்.

இப்போது மறுநாள் வந்த ஆம்புலன்ஸ். இதில் உங்கள் கோபம் நியாயமானது. அடிபட்ட உயிர் கண்ணெதிரே கிடக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுமுனையில் என்ன நடக்கிறது என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். இவற்றோடு பூனைகள், சாலையில் அடிபடும் மாடுகள், பட்டக் கயிற்றில் சிறகு அறுபட்ட பறவைகள். மாநகராட்சிக்குக் கருத்தடை மையங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் முக்கிய வேலை கருத்தடையும் தடுப்பூசியும்தான். அடிபட்டதைத் தூக்கி வந்து வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் தலையில் விழுகிறது. இந்த நகரத்துக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரமும், அவர் மனைவியும் விமானியுமான உஷா சுந்தரமும் 1959இல் இங்கே தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடலாம் என்று அவர்கள் 1964இலேயே செய்து காட்ட ஆரம்பித்தார்கள். மாநகராட்சி கொல்வதை நிறுத்திவிட்டு அந்த வழிக்கு வர 1996 ஆனது. இன்று நாடு முழுவதற்கும் சட்டவிதியாக இருக்கும் முறைக்கு மெட்ராஸில்தான் வேர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் பெருமையால் கூண்டுகளின் எண்ணிக்கை கூடிவிடாது. போன் எடுக்கும் ஊழியர் ஒவ்வொரு அழைப்பையும் தரம் பிரிக்கிறார். ரத்தம் கொட்டுகிறதா, எழ முடியாமல் கிடக்கிறதா, புழு வைத்த புண்ணா, வெறும் நொண்டலா? வண்டி சோழிங்கநல்லூரில் இருக்கும்போது பெரம்பூரிலிருந்து அழைப்பு வந்தால், போக்குவரத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கொண்டுவந்தாலும் வைக்க இடம் வேண்டும். டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்த நாயை மற்ற நாய்களோடு வைக்க முடியாது. பார்வோ வந்த குட்டி இருந்த கூண்டை பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவிக் காயவிடாமல் அடுத்த குட்டியை விட முடியாது. முதுகெலும்பு முறிந்த நாய் ஒன்று வந்தால் ஒரு கூண்டு மாதக்கணக்கில் போய்விடும். குணமான தெருநாய்களை அவற்றின் தெருவிலேயே திரும்ப விட்டுவிடலாம். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவற்றையும், கால் இழந்தவற்றையும், கண் போனவற்றையும் எங்கே விடுவது? அவை அங்கேயேதான் இருக்கும். வளர்ந்த நாய் ஒன்றுக்கு வீடு கிடைத்தால், அடுத்த முறை உங்களைப் போல ஒருவர் கூப்பிடும்போது "கூண்டு காலியாக இருக்கிறது" என்று சொல்ல முடியும். குட்டிகளுக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். வளர்ந்த பெண் நாய், அதிலும் கறுப்பு நிறம் என்றால், வருடக்கணக்கில் காத்திருக்கும்.

இனி ஒருமுறை அப்படி நடந்தால் காத்திருக்கும் நேரத்தில் நீங்களே சிலவற்றைச் செய்யலாம். அடிபட்ட நாய் வலியில் யாரையும் கடிக்கும், தினமும் சோறு போட்டவரையும் கடிக்கும். தடித்த துண்டு ஒன்றைத் தலைமேல் போட்டுவிட்டு, பலகையிலோ கெட்டியான அட்டையிலோ மெதுவாக நகர்த்தி ஏற்றுங்கள். இடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. நாய்க்குக் கெடுதல், பூனைக்கு உயிரே போகும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றாதீர்கள். ஆட்டோ கிடைத்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோய்விடலாம், பெரம்பூரிலிருந்து பக்கம்தான். நாய் கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது இலவசம். மஞ்சள் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எதுவும் வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு எந்த மருந்தும் காப்பாற்றாது.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. பகலில் அந்த நாயோடு வாழப்போகிறவர் அவர். "பழகிவிட்டால் சரியாகிவிடும் அத்தை" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். என்ன பயம் என்று உட்கார்ந்து கேளுங்கள். சின்ன வயதில் கடிபட்டிருக்கிறாரா? மேலே தாவும் என்று பயமா? பூஜை அறைக்குள் வந்துவிடும் என்ற கவலையா? ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருக்கிறது. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்னத் தடுப்புக் கதவு போட்டால் போதும், வளர்ந்த நாய் சில நாளில் எல்லையைப் புரிந்துகொள்ளும். காப்பகத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். முகாமுக்கு அல்ல, அங்கே சத்தமும் கூட்டமும் அதிகம். வார நாளில் காப்பகத்துக்கே போங்கள். ஊழியர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளட்டும். மாமியார் தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரட்டும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. அரை மணி நேரம் அப்படியே இருங்கள். அமைதியான நாய் தரையில் படுத்துக் கண்ணை மூடிவிடும். அதைப் பார்த்த பிறகு அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் உங்கள் வீட்டின் முடிவு. அவர் முடியாது என்றால், நாய் வேண்டாம். பையன் அழுவான், ஆனால் தாங்கிக்கொள்வான்.

அவர் சரி என்றால், உடனே தத்தெடுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல், முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். பல அமைப்புகள் இதற்கு ஒத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே ஒருமுறை திரும்பிய நாய் என்பதால் அவர்களுக்கும் இது நிம்மதியாகத்தான் இருக்கும். மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் பயத்திலேயே போகும். சாப்பிடாமல்கூட இருக்கலாம், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம். மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும். இது நம் வீடு என்ற தெம்பு வர மூன்று மாதம் ஆகும். முதல் வாரத்தில் குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, பையன் நண்பர்களைக் கூட்டிவந்து கொஞ்ச வைப்பது எல்லாம் வேண்டாம். தனியாக ஒரு மூலை, ஒரு பழைய பெட்ஷீட், தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு. போதும். உங்களில் ஒருவருக்காவது நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வரும் சமயமாகப் பார்த்துக் கூட்டிவாருங்கள். தீபாவளியை ஒட்டி மட்டும் கூட்டிவராதீர்கள். புது இடத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கதவு திறந்த நொடியில் ஓடிவிடும், திரும்பி வர அதற்கு வழி தெரியாது.

உடல்நலத்தில் சென்னை நாய்களுக்கு நான் முதலில் பார்ப்பது உண்ணிக் காய்ச்சல். சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூட்டிவரும் முன்பே ஒருமுறை ரத்தம் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குச் சோறும், எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும், முட்டையும், கொஞ்சம் பூசணியோ கேரட்டோ போதும். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட் கூடாது. நடைக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு. மே மாதத்துத் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். பையன் கூட வரட்டும், கயிறு மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். நாய் அவன் பொறுப்பு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையால் தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப முடியும், தட்டைக் கழுவ முடியும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. நாய் உங்களுடையது, உங்கள் கணவருடையது.

கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். லேப்ரடார் நல்ல நாய், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2017இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறவர்களிடம் குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள், பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டி, உடம்புக்குள் பார்வோவோடு வந்து இறங்கி, ஒரு வாரத்துக்குள் ரத்தபேதியில் சுருண்டு விழுவதை என் மேசையில் பார்க்கிறேன். பிழைத்து வளர்ந்தாலும் முப்பது கிலோ நாய் அது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோகும் நாளில், இடுப்பு மூட்டு தேய்ந்த முப்பது கிலோவை யார் தூக்குவது? அப்படியும் அவருக்கு லேப்ரடார்தான் ஆசை என்றால், காப்பகத்திலேயே கேளுங்கள். நான்கைந்து வயதில் கைவிடப்பட்ட லேப்ரடார்கள் சென்னைக் காப்பகங்களில் எப்போதும் இருக்கின்றன.

அந்த அமைப்பை நம்பலாமா என்று கேட்டீர்கள். கேள்வி கேட்கிறார்கள், வீட்டைப் பார்க்க வருகிறார்கள், திருப்பி விடப்பட்ட விஷயத்தை மறைக்காமல் சொல்கிறார்கள், ஆள் கிடைத்தால் போதும் என்று குட்டியைத் தள்ளிவிடவில்லை. எனக்கு இது போதும். இன்னும் உறுதி வேண்டுமானால் தடுப்பூசிப் புத்தகத்தையும் கருத்தடைச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், நாய்கள் இருக்கும் இடத்தை உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

நாய் வீட்டுக்கு வந்துவிட்டால் முதல் வாரத்திலேயே மாநகராட்சி உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். தடுப்பூசிச் சான்றும் உங்கள் அடையாளச் சான்றும் வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் பொருத்திவிடுங்கள். உரிமம் இல்லாத செல்லப்பிராணிக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் மாநகராட்சி அறிவித்திருக்கிறது. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் எழுதிய தகடு ஒன்றையும் வந்த அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.

பையனிடம் இப்போதைக்கு எதையும் சொல்ல வேண்டாம். முதல் தடவை நீங்கள், கணவர், மாமியார் மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்று பேரும் சரி என்றால், இரண்டாம் தடவை அவனையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்